காற்புள்ளிகளைப் பற்றி: அணைத் திட்ட அறிக்கை எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெரிய அணைக்கான திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் "பல்நோக்கு" என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, சுற்றுலா என்று எல்லாம் ஒரே வரியில், நடுவில் காற்புள்ளி மட்டும். அந்தக் காற்புள்ளிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு மட்டம் உயர்ந்தே இருக்க வேண்டும். நாற்று விடும் காலத்தில் வயலுக்குத் தண்ணீரை இறக்கியாக வேண்டும். படகு விடுகிறவருக்கோ மட்டம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. இவை முட்டிக்கொள்ளும்போது யார் விலகுவது என்பதைத்தான் நீங்கள் எழுதுவதில்லை.

அமெரிக்காவில் டென்னசி ஆற்று அணைகளை நடத்த 1933-இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. முதலில் கப்பல் போக்குவரத்தும் வெள்ளத் தடுப்பும்; அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கே மின்சாரம். பொழுதுபோக்கு பின்னால் வந்து சேர்ந்த பங்காளி. ஏரிக்கரைவாசிகளும் படகுக்காரர்களும் விடாமல் கேட்டார்கள். 2004-இல் இயக்க விதிகளைத் திருத்தி, பல ஏரிகளில் கோடைக்கால மட்டத்தை இன்னும் சில வாரம் பிடித்துவைக்க ஒத்துக்கொண்டார்கள். சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் எதைத் திருத்தச் சொல்கிறோம் என்பது காகிதத்தில் இருந்தது.

அந்த மாதிரியைப் பார்த்துத்தான், இன்றைய ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் ஓடும் தாமோதர் ஆற்றுக்காக 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தை அமைத்தோம். 1943 வெள்ளத்தில் பர்த்வான் அருகே கரை உடைந்து, கல்கத்தாவுக்கு ரயில் துண்டிக்கப்பட்டதுதான் அதற்கு உடனடிக் காரணம். அதாவது பிள்ளை பிறந்ததே வெள்ளத்தைத் தடுக்க. சட்டத்திலோ பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, போக்குவரத்து என வரிசையாகப் பணிகள் அடுக்கப்பட்டன. எது முந்தி என்ற பேச்சே இல்லை. எட்டு அணைகள் என்று போட்ட திட்டத்தில் திலையா, கோனார், மைத்தான், பஞ்சேத் என நான்குதான் அப்போது எழுந்தன. வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய உச்ச மட்டம் வரை நிலம் எடுக்காததால், இருக்கிற அணைகளிலும் முழுக் கொள்ளளவைப் பயன்படுத்த முடியவில்லை. 1978-இல் மறுபடி பெருவெள்ளம். இன்றும் மழைக்காலத்தில் ஷட்டரைத் தூக்கினால் மேற்கு வங்க அரசுக்கும் கழகத்துக்கும் வாய்த்தகராறுதான்.

துர்காபூரிலிருந்து ஹூக்ளி வரை வெட்டிய படகுக் கால்வாய் என்ன ஆனது? படகுப் போக்குவரத்து செத்துப்போனது. கழகம் இன்று முக்கியமாக நிலக்கரி எரித்து மின்சாரம் விற்கும் நிறுவனம். பொழுதுபோக்கு மட்டும் சொல்லாமலே பிழைத்துக்கொண்டது. மைத்தானில் குளிர்காலத்தில் பிக்னிக் கூட்டம் அலைமோதும்.

நான் காவிரிப் பாசனக்காரன். எங்கள் மேட்டூரும் குறையில்லாதது அல்ல. ஆனால் பாசனத்துக்கு அணை திறக்க வேண்டிய ஜூன் 12 என்ற தேதி டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர் போகிற போக்கில் மின்சாரமும் தருகிறது. 2024-இல் தண்ணீர் இல்லாமல் திறப்பு ஜூலை 28 வரை தள்ளிப்போனது, குறுவை அடிபட்டது. அப்போதும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தே காத்திருந்தோம். சுற்றுலாவுக்கு நீங்கள் தனியாகத் தண்ணீர் ஒதுக்கவே வேண்டாம், ஐயா. அணை வற்றிப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த நந்தி வெளியே வந்தால், அதைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது.

சரி, கேட்பது இதுதான். அடுத்த அறிக்கையில் அந்த ஒற்றை வரிக்குக் கீழே இரண்டு அட்டவணை போடுங்கள். வறண்ட ஆண்டில் எந்தத் தேவை முதலில் நிறுத்தப்படும், அடுத்து எது என்பது ஒன்று. மழைக்காலத்தில் எந்த மாதம் எத்தனை அடி காலியாக வைக்கப்படும், அதற்காக இழக்கும் மின்சாரம் எவ்வளவு என்பது இன்னொன்று. அவற்றை அந்தந்த மாநில மொழியில் அச்சடித்து, நிலம் கொடுக்கிற ஊரிலும் தண்ணீர் வாங்குகிற ஊரிலும் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி