ஆறு பென்ஸ்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணாவுக்கு முட்டி வலி குறைந்துவிட்டதாகப் பிரேமா சொன்னாள், சந்தோஷம். மற்ற குசலமெல்லாம் அப்புறம்.

நாலு மாதமாக உனக்கு எழுதவில்லை. வேலை அதிகம், கண் சரியில்லை என்று ஏதாவது சொல்லலாம்தான், நீ நம்பமாட்டாய். கோபத்தில் எழுதவில்லை. கோபம் உன் மேல்தான். பணம் அனுப்பினாயே, அதற்காக.

உடனே போனைக் கையில் எடுக்காதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

தொழில் போன கதை உனக்குத் தெரியும். கூட்டாளி கையை விரித்தார், கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள், வீட்டை விற்றோம். இப்போது மகள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் நானும் அவரும். அதுவரைக்கும் நான் நன்றாகத்தான் தாங்கினேன். 'ஜெயாவைப் பார், இத்தனைக்கும் எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறாள்' என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. அப்போதுதான் உன் பணம் வந்தது. கூடவே 'வைத்துக்கொள்' என்று ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இவள் யார் எனக்குப் பிச்சை போட? ஆமாம் வசந்தி, அந்த வார்த்தையேதான் மனதில் வந்தது. ஹாஸ்டலில் ஒரே போர்வைக்குள் படுத்தவளைப் பற்றி.

இன்னொரு குற்றமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? உன்னுடைய 'எ லிட்டில் பிரின்சஸ்'. அட்டை போய்விட்டது. முதல் பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. பிரேமா எடுக்கவில்லையடி. நான்தான். இத்தனை வருஷமாக நீ அவளைக் குத்திக்காட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி நிலாவுக்குப் பத்து வயது. அப்பா செத்து, பணமும் போய், படித்த ஹாஸ்டல் பள்ளியிலேயே மாடியறை வேலைக்காரியாகிவிடும் சாராவின் கதையை அவளுக்குத் தினமும் ராத்திரி பத்துப் பக்கம் வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பள்ளியை நடத்தும் மிஸ் மின்சின் வந்த உடனே உனக்கு யாருடைய முகம் வருமோ அதே முகம்தான் எனக்கும் வந்தது, சாவிக்கொத்தோடு. வீடு கொடுத்ததற்கு நன்றி சொல்லமாட்டாயா என்று மின்சின் கேட்பாள். நீங்கள் அன்பானவரும் இல்லை, இது வீடும் இல்லை என்று சாரா சொல்வாளே, அந்த இடத்தை நீ கட்டில் மேல் நின்றுகொண்டு நடித்துக் காட்டியதும், வார்டன் கதவருகிலேயே நின்றதும்! நிலாவுக்கு அதைச் சொன்னேன். சாராவை விட உன்னைத்தான் அவளுக்கு அதிகம் பிடித்துவிட்டது.

அப்போதெல்லாம் நமக்குப் பிடித்தது அந்த மாயம்தான், இல்லையா? குளிரில் ஒடுங்கித் தூங்கியவள் கண் விழித்தால் அடுப்பில் நெருப்பு எரியும், மெத்தென்ற போர்வை இருக்கும், சூடாகச் சாப்பாடு இருக்கும். பக்கத்து வீட்டு இந்திய வேலைக்காரன் ராம் தாஸ் கூரை வழியாக வந்து வைத்துவிட்டுப் போயிருப்பான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவாயே, வந்தது கொசு மட்டும்.

இந்தத் தடவை படிக்கும்போது அந்த மாயம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நான் மாட்டிக்கொண்டது வேறு ஓர் இடத்தில். ஆரம்பத்திலேயே வருகிறது, நாம் ரெண்டு பேரும் கவனிக்காமல் தாண்டிய இடம். சாரா இன்னும் பணக்காரியாக இருக்கும் நாட்கள். நீ எவ்வளவு நல்லவள் என்கிற மாதிரி யாரோ பேச, அவள் யோசித்துவிட்டுச் சொல்கிறாள்: எனக்கு எல்லாம் கிடைக்கிறது, எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள், அப்புறம் நல்ல குணமாக இருப்பதில் என்ன கஷ்டம்? ஒருவேளை நான் படு மோசமான பெண்ணாகக்கூட இருக்கலாம், சோதனை எதுவும் வராததால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஏழெட்டு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது? வாசித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. 'என்ன பாட்டி?' என்றாள் நிலா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்குச் சோதனை வந்தது, நான் யார் என்று தெரிந்துவிட்டது. கடன்காரர்களிடம் பொறுமையாகப் பேசியவள், சிநேகிதியின் ஒரு வார்த்தைக் கடிதத்துக்குப் பல்லைக் கடித்தாள்.

எல்லோரும் இந்தப் புத்தகத்தில் பன் கடைக் காட்சியைத்தான் சொல்வார்கள். நமக்கும் அதுதானே உயிர். சேற்றில் கிடந்த நாலு பென்ஸ் வெள்ளிக்காசு, நாலு பன்னுக்குக் காசு கொடுத்தால் ஆறு போட்டுக் கொடுக்கிற கடைக்கார அம்மாள், வாசலில் தன்னைவிடப் பசித்த பெண். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போகும்போது நாலாவது பன்னில் சாராவின் கை நடுங்கும். ('கை நடுங்குகிறதா?' என்று நீ என் கடைசி முறுக்கைப் பிடுங்கித் தின்ற நாட்களை நான் மறக்கவில்லை.) ஐந்தாவதையும் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே நடப்பாள், ஒரு கடி ஒரு முழுச் சாப்பாட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு.

அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பது அவளுக்குப் பழக்கமான வேலை. ராஜகுமாரி கொடுக்கத்தானே செய்வாள். அதற்கு முன்னாலேயே அவள் இதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்துவிட்டாள், அதை யாரும் பேசுவதில்லை.

கிறிஸ்துமஸ் சமயம். சாரா கூடையோடு தெருவில் நிற்கிறாள். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் ஏதோ விருந்துக்குக் கிளம்பி வண்டியில் ஏறுகிறார்கள். அவள் பார்க்கிறது அந்தக் குடும்பத்தின் கதகதப்பை. அதில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் அவள் சாப்பாட்டுக்குத்தான் ஏங்குகிறாள் என்று நினைத்துக்கொள்கிறான். ஏழைப் பிள்ளைகளைப் பற்றிக் கதை கேட்டுக் கேட்டு அழுத பையன் அவன். கால்சட்டைப் பையில் வைத்திருந்த ஆறு பென்ஸை எடுத்து, 'இந்தா, ஏழைப் பெண்ணே' என்று நீட்டுகிறான். சாராவின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்துப்போகிறது. ஒரு காலத்தில் தன் வண்டியிலிருந்து இறங்கும்போது ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தவளுக்கு, அந்த நிமிஷம்தான் தெரிகிறது தான் பார்க்க எப்படி இருக்கிறோம் என்று. வேண்டாம் என்கிறாள். பையன் விடமாட்டேன் என்கிறான். முழுசாக ஆறு பென்ஸாக்கும், சாப்பிட ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று கையில் திணிக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கிறாள். வாங்காவிட்டால் அந்தக் குழந்தை உடைந்துபோய்விடும். இவ்வளவு கர்வம் கொடுமை என்று தோன்றுகிறது. வாங்கிக்கொள்கிறாள், நன்றி சொல்கிறாள், சிரிக்கப் பார்க்கிறாள், கண் மறைக்கிறது.

அந்தக் காசை அவள் செலவு செய்யவில்லை. ஓட்டை போட்டு, ரிப்பனில் கோத்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இதை வாசித்த அன்றைக்குத்தான் உன் 'வைத்துக்கொள்' என்கிற வார்த்தையை எடுத்து மறுபடி பார்த்தேன்.

அவள் கல் மாதிரி எல்லாவற்றையும் தாங்குகிறாள் என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். எங்கே? எமிலியை மறந்துவிட்டாயா? குளிரிலும் பசியிலும் நாள் முழுக்க அலைந்து, வசவு வாங்கி மேலே வந்தவள், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொம்மையைப் பார்த்துப் பேசுகிறாள். அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. நீ வெறும் பொம்மை, உள்ளே மரத்தூள்தான் என்று ஓங்கித் தட்டிவிட்டு, விழுந்து அழுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கி வைத்து, உடையைச் சரிசெய்து, பொம்மையாக இருப்பது உன் தப்பில்லை, லவீனியாவுக்கு அறிவு இல்லாததும் அவள் தப்பில்லை, மரத்தூளால் முடிந்ததை நீ செய்கிறாய் என்கிறாள். அழுகைக்கு நடுவிலும் கூடப் படித்த பொறாமைக்காரி லவீனியாவுக்கு ஒரு குத்து! இப்படிப்பட்ட பெண்ணை எப்படி விட முடியும்?

எழுதிய அம்மாவைப் பற்றி இப்போதுதான் கொஞ்சம் தேடிப் படித்தேன். பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட், 1849-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மா தனியாகக் கடையை நடத்திப் பார்த்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் மான்செஸ்டரே படுத்தபோது கடையும் படுத்தது. 1865-ல் குடும்பத்தோடு டென்னசிக்குப் போனார்கள், அங்கேயும் வறுமை. முதல் கதையை அனுப்பத் தாளுக்கும் தபால்தலைக்கும் காசில்லாமல், காட்டுத் திராட்சை பறித்து விற்ற காசில் அனுப்பினாராம். சாராவின் கதையை முதலில் 1887-ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் சின்னத் தொடராக எழுதினார். அப்புறம் நாடகமாக்கினார். விட்டுப்போனவர்களையும் சேர்த்து எழுதுங்கள் என்று பதிப்பாளர் கேட்க, 1905-ல் நம் கையில் இருக்கும் இந்த நாவல். சாராவோடு வேலை செய்யும் சிறுமி பெக்கியே முதல் கதையில் கிடையாது என்றால் நம்புவாயா? பக்கத்து அறைச் சுவரைத் தட்ட ஆளில்லாமல் அந்தப் பெண் எப்படி இருந்தாளோ.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நமக்குப் பதிமூன்று வயதில் தோன்றாதது நிலாவுக்குத் தோன்றிவிட்டது. 'சாராவுக்குப் பணம் திரும்பி வந்தது சரி, பெக்கி ஏன் கடைசியிலும் வேலைக்காரி?' என்றாள். என்னிடம் பதில் இல்லை. சாரா பெக்கியை அழைத்துக்கொள்கிறாள், ஆனால் தோழியாக இல்லை, பணிப்பெண்ணாக. நாம் ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான், நான் நீயாகப் பிறக்காதது தற்செயல் என்று பெக்கியிடம் முதலில் சொன்னவளே சாராதானே? அந்த எண்ணத்தை எழுத்தாளரே கடைசி வரை கொண்டுபோகவில்லை. சாராவின் பணத்துக்குக் காரணமான அந்த வைரச் சுரங்கம் இன்னும் உறுத்துகிறது. நம் மண்ணுக்குள் இருந்த வைரம், தோண்டியவர்கள் யார் என்று ஒரு வரி கிடையாது. நமக்காக வந்தவன் ராம் தாஸ் ஒருவன், அவனும் சலாம் போட்டுக்கொண்டே வருகிறான். சாரா அவனோடு ஹிந்துஸ்தானியில் பேசும் இடத்தில் மட்டும் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, என்ன செய்வது.

ஆனால் ஒன்றில் பர்னெட் அம்மா ஏமாற்றவில்லை. அப்பா திரும்பி வருவதில்லை. 1939-ல் ஷர்லி டெம்பிள் நடித்த படத்திலும், 1995-ல் வந்த படத்திலும் அப்பாவை உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். ரெண்டாவதை மகள் போட்டுக் காட்டினாள். நிலா கைதட்டினாள், நான் எழுந்து போய்த் துணி மடித்தேன். செத்தவர் வந்துவிட்டால் அப்புறம் அந்த மாடியறை எதற்கு? புத்தகத்தில் அப்பாவின் சிநேகிதரான பக்கத்து வீட்டுக்காரர் பாரிஸ், மாஸ்கோ என்று ஆள் அனுப்பி அவர் பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார், பெண்ணோ சுவருக்கு அந்தப் பக்கம் பட்டினி கிடக்கிறாள். வாழ்க்கையின் குரூரம் அந்த அளவில்தான் இருக்கிறது. பணம் வரும், வீடு வரும், ஆள் வரமாட்டார்.

என் வீட்டுக்காரர் இப்போதும் காலையில் கடைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுகிறார். நான் எதுவும் கேட்பதில்லை. நேற்று நிலாவைக் கூப்பிட்டு, 'சாராவின் அறைக்கு எலி வந்ததா?' என்று கேட்டார். நான் ராத்திரி வாசிப்பதை அவரும் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்!

சரி, பணம். திருப்பி அனுப்பப்போவதில்லை. கழுத்தில் கோத்துக்கொள்ளவும் முடியாது, பாதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. மீதியில் அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். நன்றி, வசந்தி. இதை எழுத எனக்கு நாலு மாதமும் ஒரு புத்தகமும் ஆகியிருக்கிறது.

உன் புத்தகம் வரும், ஆனால் இப்போது இல்லை. வாசித்து முடித்த பிறகு நிலா தானே எழுத்துக்கூட்டி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், பிரெஞ்சு வாத்தியார் வரும் பக்கத்தில் இருக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்க என்னால் ஆகாது.

உன்,
ஜெயா

பி.கு.: பிரேமாவிடம் நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். திருடியது நான் என்றாலும் சந்தேகப்பட்டது நீ. என் பெயரைச் சொல்லாமல் கேட்க முடியுமா என்று பார்.