ரிசர்வ் வங்கி ஆளுநருக்குப் பாலக்கோட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும் பணவியல் கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறேன். என் வகுப்பில் தக்காளி பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாங்கள் கூடி, வங்கிகளுக்குத் தாங்கள் தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை அறிவித்ததும், மறுநாள் நாளிதழை வகுப்பில் உரக்கப் படிப்பது என் வழக்கம். விளைவிப்பவரின் விலையும் எங்கள் மொழியும் தங்கள் விளக்கத்தில் இல்லையே என்று, படித்து முடிக்கும்போது எழும் சங்கடத்தைத் தங்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாட்டின் பொருளாதார நிலையை அறியத் தங்கள் வங்கி படும் பாடு சிறிதன்று. விலைவாசி இனி எப்படிப் போகும் என்று 2005 முதல் நகரத்து வீடுகளில் கேட்டு வருகிறீர்கள். ஆலைகளிடம் கையிலுள்ள ஆர்டரையும் சரக்கிருப்பையும், வங்கிகளிடம் கடன் தேவையையும் விசாரிக்கிறீர்கள். கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்பதைப் பெயரோடு வெளியிடுகிறீர்கள். இவ்வளவு வெளிப்படையாகத் தன் முடிவுக்குக் காரணம் சொல்லும் பொது நிறுவனம் வேறு எது என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன்; அவர்களால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலைகள் ஓராண்டில் ஏறிய அளவு, 7.44 விழுக்காட்டைத் தொட்டது. தக்காளி விலை அதற்கு முந்தைய ஜூலையைவிட 200 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. இதைக் கணிக்கும், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் தக்காளியின் எடை 0.57 மட்டுமே, அதாவது குடும்பம் செலவழிக்கும் நூறு ரூபாயில் ஐம்பத்தேழு காசு. அந்த ஐம்பத்தேழு காசு நாட்டின் கணக்கையே ஆட்டிவிட்டது. ஆகஸ்டில் தாங்கள் கூடி, காய்கறி விலையேற்றம் நிலைக்காது என்று கணித்து, ரெப்போவை 6.5 விழுக்காட்டிலேயே நிறுத்தினீர்கள். செப்டம்பரில் பணவீக்கம் 5.02 ஆக இறங்கியது. முடிவு சரியானது என்றே இன்றும் வகுப்பில் சொல்கிறேன், ஏனெனில் வட்டியை ஏற்றினால் செடியில் ஒரு காய்கூடக் கூடுதலாகக் காய்க்காது. ஆனால் தங்கள் விளக்கத்தில் தக்காளி விலை பொறுத்திருந்து கடக்க வேண்டிய ஓர் இடைஞ்சலாக மட்டுமே வந்தது. அதே ஆடியில்தான் என் மாணவி ஒருத்தியின் வீட்டில், சங்கத்தில் அடகிலிருந்த நகையை மீட்டார்கள். (அந்த விலை இருந்தபோது பலரிடம் காய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்; காய் இல்லாததால்தானே அந்த விலை.)

விலை சரிந்த பருவம் ஒன்றில், ஒரு மாணவன் மண்டிச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கூடை எண்ணிக்கை, ஏலத்தில் போன விலை, அதன்கீழ் கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை. கடைசியில் நின்ற தொகை பறிப்புக் கூலிக்கே போதவில்லை என்பதைச் சீட்டின் பின்பக்கம் அவன் அப்பா பென்சிலால் கழித்துப் பார்த்திருந்தார். “பணவீக்கம் குறைஞ்சா நல்லதுன்னு சொன்னீங்களே சார்” என்றான். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடு, உணவுப் பொருள்களுக்கு மட்டும் பார்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே 5.02. அந்த டிசம்பரில் ஆளுநர் அவர்கள், வளர்ச்சி உயர்ந்தும் விலையேற்றம் தணிந்தும் இருக்கும் அரிய காலம் இது என்று குறிப்பிட்டார். அதில் பிழை காண மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியை வகுப்பில் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் கணக்குதான் நினைவில் நின்றது.

இத்தனைக்கும் தங்கள் வங்கிக்கு இது தெரியாததும் அன்று. 2024-இல் வெளிவந்த தங்கள் ஆய்வுத் தாள்கள், நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு ஏறத்தாழ 33 காசும், வெங்காயத்துக்கு 36 காசும், உருளைக்கிழங்குக்கு 37 காசும் சேர்வதாகக் கண்டன. உள்நாட்டில் விற்கும் மாம்பழத்துக்கு 43 காசு. (காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் சம்பந்தி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை, பெங்களூரா ரக மாங்காயைக் கூழ் ஆலைக்குக் கொடுப்பவர் கணக்கு வேறு என்கிறார்.) இவ்வளவு நல்ல ஆய்வு, கருத்துகள் ஆய்வாளர்களுடையவை, வங்கியுடையவை அல்ல என்ற குறிப்போடு தனியே கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பணவியல் கொள்கை அறிக்கையில், கடை விலைக்குப் பக்கத்திலேயே மண்டி விலையையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று வங்கியே தன் பெயரில் எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது மொழி. தங்கள் வங்கி தமிழில் எங்களிடம் பேசாமல் இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், சிறுகச் சேமியுங்கள் என்று சொல்கிறது. நல்லதுதான். ஆனால் வட்டி ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை அந்தத் தமிழில் கேட்டதில்லை. அதனால் நாளிதழ்கள் அவசரத்தில் மொழிபெயர்த்து, தங்கள் குழுவை ‘நிதிக் கொள்கைக் குழு’ என்று எழுதுகின்றன. எங்கள் பாடநூலில் நிதிக் கொள்கை என்றால் அரசின் வரியும் செலவும். தங்களுடையது வட்டியையும் பணப்புழக்கத்தையும் பற்றிய பணவியல் கொள்கை. பிள்ளைகள் இரண்டையும் குழப்பித் தேர்வில் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். ‘பணவீக்கம் குறைந்தது’ என்பதை விலை குறைந்தது என்று புரிந்துகொண்டு, கடைக்குப் போய் ஏமாந்து வருகிறவர்கள் பெரியவர்களிலும் உண்டு. 2024 ஜூலையில் பணவீக்கம் நான்கு விழுக்காட்டுக்குக் கீழே வந்ததற்கு முந்தைய ஜூலையின் உச்சமே பெரிய காரணம், ஏற்கெனவே ஏறியிருந்த விலையோடு ஒப்பிடுவதால் ஏற்றம் சிறிதாகத் தெரிகிறது என்பதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுதும் பிடித்தது. தங்கள் அறிக்கை அன்றைக்கே தமிழில் வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

எளிமைப்படுத்தித் தாருங்கள் என்று கேட்கவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் வேரூன்றியது 1989-இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். குழுக் கடனின் வட்டியைத் தாளில்லாமலே கணக்கிடும் பெண்களுக்குத் துண்டுப் பிரசுரம் வேண்டாம். முழு அறிக்கையைத் தமிழில் கொடுத்தால் அவர்களே கேள்வி கேட்பார்கள்.

இன்னும் ஒன்று. மூன்று காலாண்டுகள் தொடர்ந்து பணவீக்கம் இரண்டு விழுக்காட்டுக்குக் கீழோ ஆறு விழுக்காட்டுக்கு மேலோ நின்றால், காரணத்தைத் தாங்கள் மத்திய அரசுக்கு எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். 2022-இல் அப்படி நேர்ந்தது. நவம்பரில் தனிக் கூட்டம் நடத்தி எழுதியும் கொடுத்தீர்கள். அந்தக் கடிதம் வெளியிடப்படவில்லை. வெளியிடு என்று சட்டம் சொல்லவில்லை, வெளியிடாதே என்றும் சொல்லவில்லை. இலக்கு ஏன் தவறியது என்று விளக்கும் கடிதத்தைவிடப் பொருளியல் மாணவருக்குப் பயன்படும் பாடம் வேறில்லை. அதை இப்போதாவது வெளியிடுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.