வளாகத்தில் கற்பிக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

திருகோணமலை வளாகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கும் நீங்கள், மாணவர் ஒப்படைகளில் செயற்கை நுண்ணறிவைத் தடுப்பதா, அனுமதிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். எந்த ஆண்டில், எதற்காக என்று பிரித்துக் கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும் என்பது என் எண்ணம். 2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற செயலி வெளிவந்ததிலிருந்து, கடிதங்களுக்கும் அறிக்கைகளுக்கும் முதல் வரைவு எழுதும் வேலை, புதிதாகச் சேரும் பட்டதாரியின் கையிலிருந்து மெல்ல நழுவுகிறது. அந்த வரைவைச் சரிபார்த்து, அதற்குப் பொறுப்பேற்பதே இனி அவருக்கு எஞ்சும். ஆனால் தாமே எழுதிப் பழகாதவருக்கு, பிறர் வரைவில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பது பிடிபடாது. எனவே முதலாம் ஆண்டில் இந்த எழுதும் இயந்திரம் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அது இல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

சரிபார்க்கப் பழக்குவதற்கு நம் ஊரே போதும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது பற்றி இயந்திரத்திடம் ஒரு கட்டுரை வாங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் ஆதாரம் தேடச் சொல்லுங்கள். கொழும்பு தாக்கப்பட்டது ஏப்ரல் 5ஆம் திகதி. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 9ஆம் திகதி மூழ்கியதோ மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில். அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதும் இயந்திரம், இவற்றைக் குழப்பி அக்கப்பலை நம் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடித்துவிட்டாலும், அதே உறுதியான தொனியில்தான் சொல்லும். நூலகத்தோடு நில்லாமல், நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்துக்கும் சென்று கல்லறைகளிலுள்ள திகதிகளை அவர்கள் பார்க்கட்டும். புள்ளிகளை, திருத்திய இடங்களுக்கும், ஏன் திருத்தினோம் என்று வாய்மொழியாக விளக்குவதற்கும் வழங்குங்கள்.

இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளையே அவை பெருமளவில் பிழையாகக் குறிப்பதை, 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆங்கிலத்தில் தடுமாறி எழுதும் நம் கிராமத்துப் பிள்ளைகள்தாம் இதில் முதலில் அகப்படுவார்கள்.

இன்னொன்று: தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர், வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையோ கணக்கு விவரத்தையோ சாட்ஜிபிடி போன்ற பொதுச் செயலியில் இடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு அனுப்புமுன் ஒரு விரிவுரையை அதற்கென ஒதுக்குங்கள்.

அன்புடன்,
அக்கா