காட்டுநடைக் குழு: 2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதில் ஒரு இனத்துக்கு மட்டும் நான் விளக்கம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் மார்ச் 1 முதல் வண்டி நிறுத்தச் சீட்டு கட்டாயமாகிவிட்டது. 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. ஒரு வண்டிச் சீட்டை இன்னொரு வண்டிக்கு மாற்றவும் முடியாது. அதனால் நாக்ஸ்வில்லிலிருந்து ஆளுக்கொரு காராகக் கிளம்பும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, இடம் பார்த்து ஏறிக்கொண்டு போனோம். செலவு குறைந்தது. காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புதிதாக வந்தவர்களும் பழகிவிட்டார்கள்.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம், பொதுநடையை அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றியது. போன பொதுக்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. இலை நிறம் மாறும் காலத்தை விட்டுவிட்டு மொட்டை மரத்தைப் பார்க்கவா போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மலைகளில் உள்ள வளமான ஈரக்காட்டின் செல்வம் மரத்தின் தலையில் இல்லை, அதன் காலடியில் பூக்கும் செடிகளில் இருக்கிறது. அதைப் பார்க்க ஏப்ரலை விட்டால் வேறு மாதம் கிடையாது.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மலை உள்வாங்கி, மூன்று பக்கமும் சரிவு சூழக் கிடக்கும் இடத்தை இங்கே கோவ் என்கிறார்கள். மேலே விழும் மழையும், மட்கிய இலையும், கரைந்த சுண்ணாம்புச் சத்தும் அங்கேதான் வந்து சேரும். ஸ்மோக்கி மலையில் அடிவாரத்திலேயே ஆண்டுக்கு 55 அங்குல மழை. உச்சியில் 85 வரை போகும். அங்கே வளரும் பாஸ்வுட், பக்ஐ, சுகர் மேப்பிள், டியூலிப் பாப்ளர் ஆகியவற்றின் இலைகள் சீக்கிரம் மட்கும். அதனால் மண் கறுத்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும். அதே மலையில் புளிப்பேறிய மண்ணுள்ள ஓடைக்கரைக்குப் போனால் ரோடோடென்ட்ரான் புதர் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் கீழே செடி என்று ஒன்று இருப்பதே அபூர்வம். இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் சில அடி தூரம்தான்.

டியூலிப் பாப்ளர் பெயருக்குத்தான் பாப்ளர். குடும்பத்தால் அது நம் ஊர் சண்பகத்துக்குச் சொந்தம். இதைச் சொன்னதும் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் கீழே கிடந்த பழைய காய்க்கூம்பை எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஏப்ரல் நடைக்குப் பூங்காவின் கிரீன்பிரையர் பகுதியிலுள்ள போர்ட்டர்ஸ் கிரீக் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாதையின் முதல் பகுதி, பூங்கா வருவதற்கு முன் குடியானவர்கள் உழுது பயிரிட்ட நிலம். கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பழைய களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது. 1934இல் பூங்கா அமைந்தபோது அவர்கள் வெளியேறினார்கள். உழுத நிலத்தில் இன்று நெடுநெடுவென்று டியூலிப் பாப்ளர்கள் நிற்கின்றன. பார்த்தால் நல்ல காடுதான். ஆனால் தரையைப் பார்த்தால் செடி அங்கங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மைலில் ஓடையைக் கடக்க ஒற்றை மரப்பாலம் வரும். அதைத் தாண்டியதும் தரையே வேறு. சரிவு முழுக்க ஃபிரிஞ்ச்டு ஃபசீலியா பனி பெய்தது போல வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுநடுவே ட்ரில்லியம், மே ஆப்பிள், ஃபோம்ஃபிளவர், இலை விரிந்தும் விரியாமலும் புளூ கோஹோஷ். பேசிக்கொண்டே வந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏன் இல்லை என்று ஒரு பையன் கேட்டான். அன்றைய நடையில் கேட்ட கேள்விகளில் அதுதான் சிறந்தது. டியூலிப் பாப்ளரின் விதைக்கு இறக்கை உண்டு. காற்று கொண்டுவந்து போட்டுவிடும், வெயில் கிடைத்தால் மளமளவென்று எழும்பும். ட்ரில்லியம், பிளட்ரூட், ஹெபாட்டிகா, காட்டு இஞ்சி போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் விதையில் கொழுப்புள்ள ஒரு சிறு சதை ஒட்டியிருக்கும். எறும்பு அந்தச் சதைக்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். சதையைத் தின்றுவிட்டு விதையைத் தள்ளிவிடும். ஒரு தடவைக்கு அது போகும் தூரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். அப்படி முளைக்கும் வெள்ளை ட்ரில்லியம் முதல் பூ பூக்க ஏழு, பத்து வருடம்கூட ஆகும். இந்த வேகத்தில் ஒரு பழைய வயலை அது கடக்க எவ்வளவு காலம் ஆகும் என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். பிளட்ரூட்டின் காய் வெடித்து, பழுப்பு நிற விதைகள் இலைச்சருகில் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையாக ஒரு சுருள். மெலிந்த கால்களுள்ள எறும்பு ஒன்று அந்தச் சுருளைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்தது. சருகு தடுத்தது, விதையை விட்டுவிட்டுச் சுற்றிவந்து மறுபக்கம் பிடித்தது. பூதக்கண்ணாடியைப் பிள்ளைகளிடமிருந்து வாங்குவதற்குள் பெரியவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. அன்று வுட் நெட்டில் என்ற சுனைச்செடியைத் தொட்டு ஒரு சிறுமி அழுதாள். சிறிது நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. அடுத்த முறை முழுக்கால் சட்டை அவசியம்.

இணையவழிப் படிப்புவட்டத்தில் இதே பொருளைத் தொடர்ந்தோம். 1992இல் டஃபி, மயர் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்மோக்கி மலையும் அடங்கிய தெற்கு அப்பலாச்சிய மலைத்தொடரில் வெட்டப்படாத பழைய காடுகளையும், வெட்டி 45 முதல் 87 ஆண்டுகள் ஆன காடுகளையும் ஒப்பிட்டார்கள். வெட்டிய காட்டின் தரைச்செடிகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை; ஆண்டு கூடக்கூட தேறுவதற்கான அறிகுறியும் தென்படவில்லை என்றார்கள். ஒப்பிட்ட இடங்கள் சமமானவைதானா என்று இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு என் கருத்து இது: போர்ட்டர்ஸ் கிரீக்கில் பாலத்துக்கு அப்பால் நாம் கண்டதை யாராலும் நட்டு உண்டாக்க முடியாது. இருப்பதைக் கெடாமல் பார்ப்பது ஒன்றே வழி. தாவரவியலாளர் லூசி பிரவுன் அம்மையார் 1950இல் இந்தக் காடுகளை ஒரு தனிக் காட்டுவகையாக வகுத்ததையும், ஒவ்வொரு இனமும் தன் ஈரத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பத்தான் பரவியிருக்கிறது என்று 1956இல் சூழலியலாளர் விட்டேக்கர் வாதிட்டதையும் இன்னொரு அமர்வில் பேசினோம். நேரம் போதவில்லை, அடுத்த ஆண்டு தொடரலாம்.

கோடையில் வட கரோலினாவின் கிரஹாம் மாவட்டத்திலுள்ள ஜாய்ஸ் கில்மர் நினைவுக் காட்டுக்குப் போனோம். 1930களில் ஏக்கருக்கு 28 டாலர் கொடுத்து வனத்துறை வாங்கிய காடு அது. அந்தக் காலத்துக்கு மிக அதிக விலை. 1936இல் நினைவுக்காடாக அர்ப்பணித்தார்கள். 400 வயதைத் தாண்டிய டியூலிப் பாப்ளர்கள் இருக்கின்றன. சிலவற்றின் சுற்றளவு 20 அடி. நம் பிள்ளைகள் கைகோத்து அளந்து பார்த்தார்கள். ஆனால் ஹெம்லாக் என்ற பெரிய ஊசியிலை மரங்கள் எல்லாம் போய்விட்டன. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி அவற்றின் சாற்றை உறிஞ்சியே கொன்றுவிட்டது. செத்து நின்ற மரங்கள் பாதையில் விழும் அபாயம் இருந்ததால் 2010இல் வனத்துறை வெடி வைத்து அவற்றைச் சாய்த்தது. ரம்பத்தால் அறுத்த அடிமரம் தெரியாமல், புயலில் முறிந்தது போல இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். ஆஷ் மரத்துக்கும் இப்போது இதே கதிதான். 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகத வண்டு 2012இல் ஸ்மோக்கிக்கு வந்துவிட்டது. மரம் சாய்ந்தால் வெயில் கொட்டும், தரை காயும், நிழலை நம்பிய செடிகளுக்கு ஆபத்து. அப்புறம் விறகு விஷயம்: முகாம் போடுபவர்கள் வீட்டு விறகை எடுத்துச் செல்லவே கூடாது. வண்டு அதில்தான் ஊர்விட்டு ஊர் போகிறது.

தீர்மானத்துக்கு வருகிறேன். ஒன்றுகூடலில் ராம்ப்ஸ் துவையல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பூண்டு மணமும் வெங்காய ருசியும் சேர்ந்த அந்தக் கீரை இந்தக் காட்டின் பிள்ளைதான். பூங்காவுக்குள் அதைப் பறிக்க 2002 முதல் தடை. ஓரிடத்தில் கூட்டமாக வளரும் செடிகளில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால்தான் தாங்கும் என்கிறது பூங்காவில் நடந்த ஆய்வு. ஆகவே நம் விருந்துகளுக்குக் கிழங்கோடு பிடுங்கிய ராம்ப்ஸை வாங்குவதில்லை, இலை மட்டும் நறுக்கி விற்பவரிடமே வாங்குவது என்று செயற்குழு முன்மொழிகிறது. வேருக்காகத் தோண்டப்படும் ஜின்செங் மூலிகை பற்றிச் சிலர் தனியாக என்னிடம் கேட்டார்கள். பூங்காவில் அதைத் தோண்டுவது குற்றம். நந்தஹாலா, பிஸ்கா தேசிய வனங்களில் கொடுத்துவந்த அனுமதியையும் 2021இல் நிறுத்திவிட்டார்கள், அந்த அளவுக்குக் குறைந்துபோயிற்று. ஆகவே குழு நடையில் ஜின்செங் கண்ணில் பட்டால் படத்தை இடக்குறிப்போடு எங்கும் பகிர வேண்டாம். இதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம்.

ஏப்ரல் நடையில் சிலர் படமெடுக்க ஃபசீலியாவுக்குள் இறங்கினார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு விதையிலிருந்தே முளைக்கும் செடி. விதை கட்டுமுன் மிதித்தால் அந்த இடம் அடுத்த வசந்தத்தில் வெறுமையாகலாம். பாதையை விட்டு ஒரு காலும் இறங்கக் கூடாது என்பதை இனி நடைவிதியாகவே வைக்கிறோம்.

அடுத்த பொதுநடை ஏப்ரல் நடுவில். பூங்காவிலுள்ள சிம்னிஸ் உணவுத்திடலிலிருந்து தொடங்கும் கோவ் ஹார்ட்வுட் பாதை முக்கால் மைல் சுற்றுத்தான் என்பதால், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களும் மெதுவாக வரலாம்; ஏற்றம் மட்டும் கொஞ்சம் உண்டு. வெட்டுப்படாத பழைய கோவ் காட்டை இவ்வளவு எளிதாகப் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியாது. வழிகாட்ட இரண்டு பேரும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேரும் தேவை. பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ஓட்டியவர்களுக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும், படிப்புவட்டத்தை நடத்திய தோழிக்கும் குழுவின் நன்றி. இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்