கிளாம் ராக் கேட்போர் வட்டம், வடமேற்கு லண்டன்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கை நீண்டுவிட்டது என்று குறைபட்டவர்களும், அதில் தங்கள் பெயர் விடுபட்டுவிட்டது என்று குறைபட்டவர்களும் ஒரே ஆட்கள்தாம். ஆகவே இந்த ஆண்டு உறுப்பினர் எவருடைய பெயரும் இல்லை. நீளத்துக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது.

உறுப்பினர் எண்ணிக்கை 23இலிருந்து 26 ஆகியிருக்கிறது. மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடி, கிளாம் ராக்கை, அதாவது 1970களின் தொடக்கத்தில் ஜிகினாவும் பளபள உடையுமாகப் பிரிட்டனில் கிளம்பிய ராக் இசையை, கேட்டோம். ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் அந்த மாதம் கூட்டம் இல்லை. 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?' என்று வீட்டில் கேட்கப்படாத உறுப்பினர் நம்மிடம் ஒருவர்கூட இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரிக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபக் குழுவுக்கும் இதன் நகல் போகிறது. அன்று ஸ்லேடு குழுவின் நாள். வால்வர்ஹாம்டன் பக்கத்து நான்கு பேர். 1969இல் மொட்டைத்தலையும் கனத்த பூட்ஸுமாக மேடையேறியவர்கள், சில ஆண்டுகளில் ராஜபார்ட் வேடக்காரர்களே வெட்கப்படும் அளவுக்கு ஜிகினாவுக்கு மாறினார்கள். பாடகர் நாடி ஹோல்டரின் தொப்பியில் வட்டவட்டமாகக் கண்ணாடி பதித்திருக்கும். 1971இல் அவர்களை முதன்முதலாகப் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோன 'காஸ் ஐ லவ் யூ' பாட்டை ஹோல்டரும் ஜிம் லீயும் இருபது நிமிடத்தில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். பாட்டு கொஞ்சம் சாதுவாக இருக்கிறதே என்று பட்டதால், பூட்ஸ் காலால் தரையை மிதிக்கும் சத்தத்தையும் கைத்தட்டலையும் அதன் மேல் ஏற்றினார்கள். நடுவில் ஒரு வயலின் வருகிறது. வாசிப்பவர் பாஸ் கிட்டார்க்காரரான ஜிம் லீயே. அந்த வயலின் நம்மவர்களில் பாதிப் பேரை எழுந்து நிற்க வைத்தது. எழுந்தவர்கள் மிதித்தார்கள்.

கீழ்த்தளத்தில் அதே நேரம் பரதநாட்டிய வகுப்பு. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஆசிரியை மேலே வந்துவிட்டார். "நாங்கள் கீழே தட்டடவு போடுகிறோம். நீங்கள் மேலே என்ன போடுகிறீர்கள்? என் பிள்ளைகள் உங்கள் காலத்துக்கு மாறிவிட்டார்கள்" என்றார். "நாலு கணக்குதான் டீச்சர், ஆதி தாளத்தில் அடங்கிவிடும்" என்று நம் பொருளாளர் சொன்ன சமாதானம் நிலைமையைச் சீராக்கவில்லை. மார்ச் முதல் ஒரு மணிநேரம் தள்ளிக் கூடுகிறோம்.

அதே கூட்டத்தில் ஸ்லேடின் பாட்டுத் தலைப்புகளில் உள்ள எழுத்துப் பிழைகள் ('Because I Love You' என்பதை 'Coz I Luv You' என்று எழுதியதுபோல) குறித்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் கண்டனம் தெரிவித்தார். அவர்கள் தங்கள் வட்டாரத்து மக்கள் பேசுகிறபடி எழுதினார்கள், அவ்வளவுதான். 'வந்துவிட்டேன்' என்பதை ஒருவர் 'வந்திட்டன்' என்று அச்சிட்டால் நாம் பிழை என்போமா, யாழ்ப்பாணம் என்போமா? அப்படிப் பிழையாக எழுதிய 'Cum On Feel the Noize' என்ற தலைப்புதான் 1973 மார்ச்சில் விற்பனைப் பட்டியலுக்குள் நுழைந்த வாரமே முதலிடம் பிடித்தது. அதற்கு முன் அப்படி நேராக முதலிடத்தில் இறங்கியது 1969இல் பீட்டில்ஸ். கண்டனம் பதிவு செய்யப்பட்டது. நடவடிக்கை எதுவும் இல்லை.

ஏப்ரலில் ஸ்வீட் குழுவின் 'பிளாக்பஸ்டர்' பாட்டையும் பாடகர் டேவிட் போவியின் 'ஜீன் ஜீனி'யையும் அடுத்தடுத்துப் போட்டோம். இரண்டுக்கும் கிட்டார் மெட்டு ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம், ஆர்சிஏ. இடைவெளி சில வாரங்கள்தான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அரை மணிநேரம் சண்டை. இருவருக்கும் முன்பே போ டிட்லி என்ற கிட்டார் கலைஞர் அமெரிக்காவில் அந்த மெட்டை வாசித்துவிட்டார் என்பதை ஒருவர் எடுத்துக்காட்டினார். "ஒரே ராகத்தில் இரண்டு கீர்த்தனை வந்தால் திருட்டு என்பீர்களா?" என்று இன்னொருவர் கேட்டதோடு தேநீர் வந்தது.

ஜூலைக் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1972 ஜூலை 6, வியாழக்கிழமை, பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி 'ஸ்டார்மேன்' பாடினார். நம் மூத்த உறுப்பினர் அப்போது கணக்கியல் மாணவர். தெற்கு லண்டனின் டூட்டிங்கில் ஒரு வீட்டில் வாடகை அறை. வியாழக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் தொலைக்காட்சி பார்க்க அனுமதி. செம்பட்டைத் தலை, நீலக் கிட்டார், பல வண்ணத் துணிகளை ஒட்டுப்போட்டதுபோன்ற உடை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. அப்போது இந்த ஆண்டு சேர்ந்த செவிலியர் ஒருவர், "ஐயா, அது கலர் டிவியா?" என்று கேட்டார்.

மூத்தவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பவும் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லை. கறுப்பு வெள்ளை" என்றார். பிறகு, "ஆனால் அந்தச் செம்பட்டைத் தலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்றார்.

அந்தக் காலத்து நிகழ்ச்சி நாடாக்கள் பலவற்றைப் பிபிசி அழித்துவிட்டது. இந்தப் பாட்டு தப்பிப் பிழைத்தது. திரையில் கலரை முழுவதுமாகக் குறைத்துவிட்டு மறுபடி போட்டோம். உடை வெறும் சாம்பல் கட்டங்களாகிவிட்டது. மிஞ்சியது, பாடிக்கொண்டே தன் கிட்டார்க்காரர் மிக் ரான்சனின் தோளில் போவி சாதாரணமாகப் போட்ட அந்தக் கை. மூத்தவர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். வீட்டுக்கார அம்மா தேநீர் போட எழுந்தவர், இந்தக் காட்சியில் கதவருகிலேயே நின்றுவிட்டாராம்; பாட்டு முடியும் வரை உள்ளே போகவும் இல்லை, வந்து உட்காரவும் இல்லையாம். இந்த ஆண்டு நம் வட்டத்தில் நடந்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

செப்டம்பர் 16 செவ்வாய்க்கிழமையாக அமைந்ததால் தென்மேற்கு லண்டனிலுள்ள பார்ன்ஸ் பயணத்துக்கு ஏழு பேர்தான் வர முடிந்தது. டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் 1977இல் அதே நாள் விடியுமுன் கார் விபத்தில் இறந்த இடம் அது. முப்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. கிழக்கு லண்டனின் ஹாக்னியில் பிறந்த லாரி ஓட்டுநர் மகன். பாட்டுக்குப் பாட்டு காரைப் பற்றி எழுதியவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. 1971 மார்ச்சில் 'ஹாட் லவ்' பாடத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவர் கன்னத்தில் இருந்த ஜிகினாதான் இந்த இசைவகைக்குப் பிள்ளையார் சுழி என்பது பொதுவான கணக்கு. அந்தப் பாட்டு ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது.

பார்ன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பொதுவெளியைக் கடந்து குவீன்ஸ் ரைடு சாலைக்கு நடந்தோம். ரயில் பாதையின் மேல் முதுகு வளைந்த ஒரு சிறு பாலம். அதைத் தாண்டியதும் ரசிகர்கள் பராமரிக்கும் நினைவிடம். படிகள் ஏறினால் 2002இல் திறந்துவைத்த மார்பளவுச் சிலை. மழையில் நனைந்த இறகு மாலைகளும் பூங்கொத்துகளும் கிடந்தன. இறந்த அன்று தனக்குப் பதினான்கு வயது என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணி சொன்னார். நம்மிடமிருந்த பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுத்தோம். "எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்!" என்று அவர் வியந்தார். "ஹாரோவிலிருந்து" என்று இதே லண்டனின் வடமேற்குப் பகுதியைச் சொன்னார் நம் பொருளாளர்.

மே மாதம் நிறைவேற்றிய தீர்மானத்தை மறுபடி வாசிக்கிறேன். 2015இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 16 ஆண்டு சிறைத் தண்டனை பெற்ற பாடகரின் இசைத்தட்டுகள் நம் கூட்டங்களில் ஒலிக்காது. அவருடைய பாட்டுகளின் இரட்டை டிரம்ஸ் சத்தம் இல்லாமல் கிளாம் ராக் வரலாறு முழுமையடையாது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். வரலாறு முழுமையடையாமலே இருக்கட்டும். வாக்குகள் 17க்கு 4.

நவம்பரில் கிழக்கு லண்டனில் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தின் கிடங்கில் செப்டம்பரில் திறந்த போவி மையத்துக்குப் போனோம். அங்கே பாதுகாக்கப்படும் பொருள்கள் 90,000க்கும் மேல். அனுமதி இலவசம் என்றதும் வருகைப்பதிவு திடீரென 19 ஆனது. தையல் கடை நடத்திய நம் உறுப்பினர், மேடை உடை ஒன்றின் முன் இருபது நிமிடம் நின்று, "தோள்பட்டை வெட்டு சரியில்லை, ஆனால் தைரியம் இருக்கிறது" என்று தீர்ப்பளித்தார்.

கணக்கு: தொடக்க இருப்பு 212 பவுண்டு. சந்தா தலைக்கு 15 வீதம் 24 பேரிடமிருந்து 360. மீதி இருவர் யார் என்பது அவர்களுக்கே தெரியும். மண்டப வாடகை 275, தேநீர் 64, இசைத்தட்டு 18. கைவசம் 215. அந்த 18 பவுண்டுத் தட்டு, விற்றவர் சொன்னதற்கு மாறாக, அப்பளம்போல் வளைந்து வந்தது. மூன்று வாரம் அகராதிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இப்போதும் ஊசி அதன்மேல் படகுபோல் ஏறி இறங்குகிறது. புதிய ஊசி வாங்க ஒப்புதல் வேண்டும்.

டிசம்பர்க் கூட்டத்தில் ஸ்லேடின் கிறிஸ்துமஸ் பாட்டு குறித்து வழக்கமான எதிர்ப்பு எழுந்தது. சூப்பர் மார்க்கெட்டில் 19 ஆண்டு பணியாற்றியவர், ஒவ்வொரு நவம்பரும் அதைத் தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் சுமந்தவர், இங்கேயாவது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஓட்டெடுப்புக்கு முன் அந்தப் பாட்டு உருவான கதையைச் சொன்னேன். 1973 ஜூலை 4இல் டிரம்ஸ் வாசிக்கும் டான் பவல் கார் விபத்தில் சிக்கினார். அவருக்கு நிச்சயித்த பெண் அதில் இறந்துபோனார். அவர் பல நாள் நினைவின்றிக் கிடந்து எழுந்தபோது ஞாபகசக்தி போயிருந்தது. அந்தக் கோடையிலேயே, நியூயார்க்கின் வெக்கையில், பாட்டின் எந்த இடம் அடுத்தது என்பது நினைவில் நிற்காத அவரை வைத்துக்கொண்டுதான் பதிவு செய்தார்கள். எதிரொலி வேண்டும் என்று கூட்டக்குரலைக் கட்டடத்தின் நடைவழியில் நின்று பாடினார்கள். அந்த டிசம்பரில் அது முதலிடம்.

எதிர்ப்புத் தெரிவித்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஒருமுறை போடுங்கள், டிரம்ஸை மட்டும் கேட்கிறேன்" என்றார். போட்டோம். இரண்டாம் முறை வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்