கோரிக்கைப் பட்டியலில் கணினிப் பயிற்சியும் இடம்பெறட்டும்

கடலூர் மாவட்டத்தில் இயங்கும் அரசு ஊழியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராகப் பணிபுரிகிறேன். அகவிலைப்படிக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் குரல் கொடுக்கும் நீங்கள், கணினி முன்னால் அன்றாடம் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் மூத்த ஊழியர்களுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மையார் பணிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த அரசாணை எந்த அரசாணையைத் திருத்தியது என்பதைக் கோப்பைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர். குறிப்பு எழுத நான் கற்றதே அவரிடம்தான். காகிதக் கோப்புகள் மின் அலுவலகத்துக்கு மாறிய புதிதில், ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நான்கு பக்கக் குறிப்பைத் தட்டச்சு செய்து, மின்கோப்பில் ஒட்டினார். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குவியல்தான் இருந்தது. நான் எழுந்து வருவதைப் பார்த்ததும் திரையை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “ஒன்றுமில்லை தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

தவறு அவருடையதன்று. தமிழ்99 விசைப்பலகையை அரசு 1999-இலும், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யுனிகோடு குறியீட்டை 2010-இலும் தரமாக ஏற்ற பிறகும், பழைய எழுத்துருக்களிலேயே அலுவலகங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. மாறச் சொன்னவர்கள் எப்படி மாறுவது என்று அருகில் இருந்து காட்டவில்லை. தட்டச்சுப் பொறியில் முதுநிலைத் தேர்வு எழுதித் தேறிய அவருடைய விரல்களுக்குப் பழைய தட்டச்சு முறைதான் தெரியும். மறுநாள் யுனிகோடில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளை நிறுவி, அதே பழைய விசையமைப்பை அதில் தேர்ந்து கொடுத்தேன். பத்து நிமிட வேலைதான். விசைகளைப் பார்க்காமலே, நான் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில், யுனிகோடிலேயே அடித்து முடித்தார்.

இதைவிடக் கவலை தருவது கையொப்பம். திரையைக் கண்டு தயங்கும் அலுவலர்கள் பலர் தங்கள் கடவுச்சொல்லையும் மின்னணுக் கையொப்பச் சாதனத்தையும் இளையவர்களிடமே கொடுத்துவிடுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் கையொப்பத்துக்கான மறைகுறியை, அதாவது இரகசியத் திறவுகோலை, கவனமாகத் தன் வசம் வைத்திருக்கும் கடமையை அதன் உரிமையாளர் மீதே சுமத்துகிறது. நாளை ஒரு கோப்பில் சிக்கல் எழுந்தால், ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் ஒருவர் தாம் படிக்காத உத்தரவுக்கு விளக்கம் சொல்ல நேரும். ஓய்வு வயது 2021-இல் அறுபதாக உயர்ந்திருப்பதால், இன்னும் பல ஆண்டுகள் இவர்களோடுதான் நாம் வேலை செய்யப்போகிறோம்.

இளைய ஊழியர்களின் சுமையையும் நான் மறைக்கவில்லை. அடுத்த இருக்கையின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, தன் பொறுப்பிலுள்ள கோப்புகளைப் பதியும் தன்பதிவேட்டில் நிலுவை ஏன் என்று கேட்கப்படும்போது எரிச்சல் வருவது இயல்பே. அந்த எரிச்சலில்தான் சுட்டியைப் பிடுங்கி நாமே முடித்துவிடுகிறோம். அதனால் அவர் கற்பதில்லை, மறுநாளும் நம்மையே அழைக்கிறார்.

ஒரு நாள் கூட்ட அரங்கில் ஆங்கிலப் படக்காட்சி ஓட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கும் பயிற்சி போதாது. அவரவர் இருக்கையில், அவரவர் கோப்பை வைத்து, தமிழில், அலுவலக நேரத்துக்குள் வாரம் இரண்டு மணி நேரமாவது இரண்டு மாதங்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கற்றுத்தருபவரின் நேரம் வேலைப் பங்கீட்டில் எழுத்துப்பூர்வமாகக் கணக்கில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்தால், எங்கள் பிரிவில் மூத்தவர்கள் எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று நான் குறித்துவைத்திருக்கும் பட்டியலோடு வருகிறேன். கண்காணிப்பாளர் அம்மையாரும் வரச் சம்மதித்திருக்கிறார்.

தோழமையுடன்,
உங்கள் உறுப்பினர் ஒருவர்