மலாவியிலிருந்து கிளம்பும் முன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே,

தெற்கு மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் நர்ஸாக இருக்கும் என் பணிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் சிலருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லியாக வேண்டும்.

முதலில் அகோகோக்களுக்கு. இங்கே பாட்டிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம். மலாவியில் நூறு குழந்தைகளில் சுமார் பதினெட்டு குறைமாதத்தில் பிறப்பதாக 2012-ல் வந்த உலக அறிக்கை ஒன்று சொன்னது. அந்தப் பட்டியலில் இந்த நாட்டுக்குத்தான் முதலிடம். மலேரியா, ரத்தசோகை, கவனிக்காமல் விட்ட நோய்த்தொற்று எனக் காரணங்கள் பல. இன்குபேட்டர் போதாது, கரண்டும் நிலையில்லை. அதனால் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து, இங்குள்ள பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சித்தெஞ்சே துணியால் கட்டிவிடுகிறோம். நம் ஊரிலும் இருக்கும் கங்காரு பராமரிப்புதான். இங்கே 1999-ல் ஸோம்பா மத்திய மருத்துவமனையில் தொடங்கியது. குழந்தையின் உடல் சூடு குறையாது, தாய்ப்பாலும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஆனால் இரவும் பகலும் ஒரே ஆளால் சுமக்க முடியாது. சிசேரியன் ஆன பெண்ணுக்கு எழுந்து உட்காருவதே பெரும்பாடு. அப்போது அகோகோ, "இங்கே கொடும்மா" என்று பேரப்பிள்ளையை வாங்கித் தன் நெஞ்சோடு கட்டிக்கொள்வார். ஊரில் மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கும். அதை விட்டுவிட்டு வாரக்கணக்கில் மருத்துவமனைக் கொட்டகையில் தங்கி, மகளுக்கு ந்சிமா என்கிற மக்காச்சோளக் களி கிண்டிப் போட்டு, ராத்திரியில் குழந்தையையும் சுமப்பார்கள். எங்கள் வார்டில் பிழைத்த பிள்ளைகளில் பாதிப்பேர் இவர்கள் சூட்டில் வளர்ந்தவர்கள் என்றே சொல்வேன்.

அடுத்து, என்னோடு வேலை பார்த்த நர்ஸ்களுக்கு. பிளான்டையரின் குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மூச்சுத் திணறும் சிசுக்களுக்காக மூக்குக் குழாய் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும், விலை குறைந்த பபிள் சிபாப் கருவியைக் கொண்டுவந்தன. 2014-ல் வெளியான அவர்களின் ஆய்வில், ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தன. கருவியோடு 71 சதவீதம். சரி, கருவி வந்துவிட்டது. சின்னஞ்சிறு மூக்கில் குழாய் நழுவாமல், புண்ணாகாமல் விடிய விடியப் பார்த்துக்கொண்டது யார்? இவர்கள்தான், அதுவும் ஒருவரே மூன்று பேர் வேலையைச் செய்துகொண்டு.

கிராமத் தலைவர்களுக்கும் நன்றி. 2004-ல் மலாவியில் 57 சதவீதப் பிரசவங்கள்தான் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 91 சதவீதம். ன்ச்செயு மாவட்டத்துத் தலைவர் குவடைன் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. வீட்டில் பெற்றால் அபராதம் என்று விதி போட்ட ஊர்களும் இருக்கின்றன. அதை என்னால் ஏற்க முடியாது. ஏழைப் பெண் தலையில்தான் அது போய் விழும். பேறுகாலக் காத்திருப்பு இல்லங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள், சைக்கிள் ஆம்புலன்ஸை நள்ளிரவில் தள்ளிவந்தவர்கள், இவர்களைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம், கோவையிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் குட்டித் தொப்பி பின்னி அனுப்பிய உங்களுக்கு. ஒன்றுகூட வீணாகவில்லை. என் இடத்துக்கு வருபவரிடம் மீதியை ஒப்படைத்திருக்கிறேன். ஜூன், ஜூலையில் இங்கே நல்ல குளிர். அதற்குள் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள். இருப்பதிலேயே சின்ன அளவுதான் முதலில் தீர்ந்துபோகிறது.

அன்புடன்,
உங்கள் தோழி